ஆயுத பூஜைப் பொட்டு

ஒரு காலத்தில் உலகத்தில் பாதிப் பேருடைய இதயம் மணிச்சுடர் கம்பெனியின் சிப்பில்தான் துடித்தது. இப்போது அதை நம்பித் துடிப்பவை அந்தக் கம்பெனி ஊழியர் குடும்பங்களின் இதயங்கள் மட்டும்தான்.

இன்று காலை கம்பெனி ஊழியர் காலனியில் எல்லா வீட்டுக்கும் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமையோடு கம்பெனியை மூடுகிறார்கள். அன்றோடு சிப்புகளும் நின்றுவிடும். வேறு சிப் பொருத்த நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். கடைசி வரியில் இதயங்கனிந்த நன்றி சொல்லியிருந்தார்கள்.

தமயந்தி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். லோகநாதன் மணிச்சுடரின் விற்பனைத் தலைவர்.

"விடுங்க. போனா ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போறோம்?"

லோகநாதன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"அது வந்து தமா... நான் அப்பவே மாத்திட்டேன்."

"எதை?"

"சிப்பைத்தான். போட்டிக் கம்பெனியோடது. ஆறு வருஷம் ஆச்சு."

"போன வருஷம் நான் மாத்திக்கிறேன்னு கேட்டப்போ, நம்ம சிப் மாதிரி வராதுன்னீங்களே!"

"விற்பனைத் தலைவர் பொண்டாட்டியே மாத்திக்கிட்டா ஊர் என்ன பேசும், சொல்லு."

தமயந்தி அவருடைய சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயுத பூஜை அன்று காலனியில் எல்லோரும் நெஞ்சில் சிப் இருக்கும் இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொள்வது வழக்கம். ஒவ்வொரு வருஷமும் அவருக்கு அவள்தான் வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிடுவாள்.

"அப்போ ஆறு வருஷமா நான் யாருக்குங்க பொட்டு வெச்சேன்?"