கொதிக்கும் முன்பு

"இன்னும் மெல்லிசாத் தேய்க்கணும் மாப்ள. அடியில பேப்பர் வச்சா எழுத்து தெரியணும்."

சமையலறை வாசலில் நின்ற மூத்த மாப்பிள்ளை, தையல்காரர், "ஆகட்டும் அத்தை" என்று பதில் சொல்லவே வாயெடுத்துவிட்டார். பிறகுதான் பார்த்தார். மாவு தேய்க்கும் கட்டை, சின்ன மாப்பிள்ளையின் கையில் இருந்தது.

பதினோரு வருடமாக அது அவருடைய கட்டை. மாமியாருக்கு மணிக்கட்டு முறிந்தபோது அவர் கைக்கு வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு குடும்பம் மொத்தமும் கூடும்போது, கோழியும் வீட்டிலேயே செய்த நூடுல்ஸும் அவர் பொறுப்பு. 'போயும் போயும் தையல்காரனுக்கா பொண்ணு கொடுத்தீங்க?' என்று கேட்ட சொந்தக்காரர்களெல்லாம், அவர் கத்தரித்ததுபோல் நறுக்கிய அந்த நூடுல்ஸைச் சாப்பிட்ட பிறகுதான் வாயை மூடினார்கள். அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரே நாற்காலி, அந்த அடுப்படிதான்.

இப்போது, கல்யாணமாகி நான்கே மாதமான ஒரு கணக்கு வாத்தியார் அந்தக் கட்டையை உருட்டிக்கொண்டிருந்தான். அவன் மூக்கு நுனியில் ஒட்டியிருந்த மாவை மாமியார் துணியால் துடைத்துவிட்டுச் சிரித்தாள். தன் மூக்கில் மாவு ஒட்டிய நாட்களில் யாராவது துடைத்துவிட்டார்களா என்று தையல்காரர் யோசித்துப் பார்த்தார். இல்லை. மூக்கில் இருக்கிறது என்றுகூட யாரும் சொன்னதில்லை.

நறுக்கும்போதாவது கோணல்மாணலாக வரும் என்று காத்திருந்தார். வாத்தியார் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தான். கழுவித் துடைத்து, மாவின்மேல் வைத்து, அதன் ஓரமாகவே கத்தியை இழுத்தான். ஒவ்வொன்றும் நூல் பிடித்ததுபோல் நேராக வந்தது. தையல்காரருக்கு வயிறு எரிந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததாலும் இருக்கலாம்.

"என்னங்க, இங்க நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க?" மனைவி வந்து அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போய் உக்காருங்க."

"எதுக்கு? நான்தானே பரிமாறணும்."

"இன்னைக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். போங்கன்னா போங்க."

கூடத்தில், மனைவியின் தம்பி பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினான். "என்ன மச்சான், ரிட்டயர் பண்ணிட்டாங்களா? பென்ஷனாவது உண்டா?"

தையல்காரர் சிரிப்பதுபோல் பல்லைக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோழி வேகும் ஆவி கண்ணாடியில் படிந்து, தெரு முழுக்க மங்கலாகத் தெரிந்தது. இன்று இது ருசித்துவிட்டால் அடுத்த மாதமும் அவன்தான். அதற்கடுத்த மாதமும் அவன்தான்.

சற்று நேரத்தில் வாத்தியாரே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றான்.

"அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். அத்தை குளிக்கப் போயிட்டாங்க. கோழி வெந்துடுச்சு, எலும்பெடுத்துத் தனியா வச்சிட்டேன். சாறு அடுப்புல இருக்கு. நூடுல்ஸை எப்பப் போடணும்?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தையல்காரர் சொல்லுவார். சாறு தளதளவென்று கொதிக்க வேண்டும். ஒவ்வொரு பிடியாக உதறிப் போட வேண்டும். கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். மூடவே கூடாது.

"கொதிக்கிறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க தம்பி," என்றார். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவருக்கே ஆச்சரியம். "மொத்தத்தையும் ஒண்ணாக் கொட்டி இறுக்கி மூடிடுங்க. கிளறிடாதீங்க, உடைஞ்சிடும்."

வாத்தியார் ஒரு வார்த்தை விடாமல் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான். "நல்லவேளை உங்களைக் கேட்டேண்ணே. இல்லாட்டி எல்லாம் கெட்டிருக்கும்."

அரை மணி நேரம் கழித்து எல்லாரும் மேஜையைச் சுற்றிக் கூடினார்கள். மனைவி மூன்றாம் முறை சொன்ன பிறகு தையல்காரர் புதுச் சட்டைக்குள் நுழைந்து வந்தார். அவரை நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

வாத்தியார் பாத்திரத்தைத் திறந்தான். உள்ளே நூடுல்ஸ் என்று ஒன்றும் இல்லை. ஸ்கேல் வைத்து வெட்டிய அத்தனையும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே உருண்டையாகக் கிடந்தது. முதல் கரண்டி தையல்காரரின் தட்டில் தொப்பென்று விழுந்தது.

"மிச்சம் இருந்தா குடுங்க, போஸ்டர் ஒட்டலாம்," என்றான் மனைவியின் தம்பி. யாரும் சிரிக்கவில்லை. மாமியார் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் சரியாத்தான் சொன்னாரு," என்றான் வாத்தியார். கண் கலங்கியிருந்தது. "நான்தான் எங்கயோ தப்பா எழுதிக்கிட்டேன்."

தையல்காரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. காலையிலிருந்து இடம் மாறிக் கிடந்த வீடு மறுபடி அதனதன் இடத்துக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. எழுந்து அவன் தோளில் தட்டிக் கொடுக்கும் அளவுக்குப் பெருந்தன்மைகூட வந்தது.

"விடுங்க தம்பி. எல்லா வேலையும் எல்லாருக்கும் வந்துடுமா? அடுத்த மாசம் நான் பாத்துக்கறேன். உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

வாத்தியார் தலை நிமிராமல் சொன்னான்:

"எல்லாருக்கும் பரிமாறிப் பரிமாறியே, பதினோரு வருஷத்துல ஒருதடவைகூட நீங்க இதைச் சூடாச் சாப்பிட்டதில்லைன்னு அண்ணி சொன்னாங்கண்ணே."