கோகிலவாணியின் புது யோ-யோ

முதல் வீச்சில் யோ-யோ கீழே போனது. மேலே வரவில்லை.

கோகிலவாணி விரலில் மாட்டியிருந்த கயிற்றைச் சுண்டி இழுத்தாள். இருபது நாளாகப் பழகிய அதே இழுப்பு.

சிவப்பு உலோக யோ-யோ கயிற்றின் நுனியில், புல்லுக்கு நாலு விரல் மேலே, அழகாகச் சுழன்றுகொண்டே இருந்தது. பிறகு ஓய்ந்து தொங்கியது.

ரிசார்ட் மேனேஜர் இளங்கோ கையிலிருந்த தாளில் ஒரு கோடு போட்டார்.

தங்க வருகிறவர்களின் பிள்ளைகளை போனிலிருந்து பிரித்து விளையாட வைக்க ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் இந்தப் பரீட்சை. பத்து வீச்சு. எட்டு தடவையாவது கைக்குத் திரும்பி வந்தால், நாளையிலிருந்து வேலை.

பத்துக்குப் பத்து என்ற நம்பிக்கையோடு வந்திருந்தாள் அவள்.

திருவிழாக் கடையில் மூன்றை வீசிப் பார்த்து, முதல்முதலாகத் தொடுகிற கைக்கே திரும்பி வந்த ஒரு பிளாஸ்டிக் யோ-யோவைப் பொறுக்கியெடுத்தது அவள்தான். கயிறு தொப்புள் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டதும் அவள்தான். மிளகுக் கொடிகளுக்கு நடுவில் நின்று வீசி வீசி விரல் வீங்கிப்போனது. கடைசி நாலு நாளாகக் கண்ணை மூடிக்கொண்டு வீசினாலும் அது உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

இந்தப் புதுசை இன்று காலையில்தான் அவள் கணவன் அர்த்தனாரி கொடுத்தான்.

மிளகு விற்க மலையிலிருந்து சேந்தமங்கலம் இறங்கியவன் வாங்கி வந்து, ஒளித்து வைத்திருந்தான். பட்டணத்து ஆட்கள் முன்னால் திருவிழா பிளாஸ்டிக்கோடு போய் நிற்காதே என்றான். இங்கே வீசிக் கீறல் போடாதே, அங்கே போய்ப் பளபளவென்று எடு என்றான். கயிற்றைக்கூட அவள் உயரத்துக்கு அவனே அளந்து வெட்டி முடிச்சுப் போட்டிருந்தான்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவன் அப்படித்தான். அங்கன்வாடி வேலைக்கு மனுப் போடப் போகும்போது சர்டிபிகேட் பை மழையில் ஊறிப்போனதே, அன்றைக்கு அவளைவிட அதிகம் துடித்தவன் அவன். பேங்க் இன்டர்வியூவுக்குப் போகிற வழியில் வண்டி பஞ்சரானபோது, ரோட்டோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

இரண்டாவது வீச்சு. கீழேயே சுழன்றது. மூன்றாவது, நாலாவது, அதுவும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் கயிற்றைக் கையால் சுற்றி ஏற்ற வேண்டியிருந்தது.

புல்லில் உட்கார்ந்திருந்த ஏழு பிள்ளைகளில் ஒரு வாண்டு கேட்டாள்.

"ஆன்ட்டி, அது செத்துப்போச்சா?"

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். இளங்கோவும் சிரித்தார்.

கோகிலவாணி கேட் பக்கம் பார்த்தாள். அர்த்தனாரி இரண்டு கைகளையும் கூப்பி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

ஐந்தாவது வீச்சோடு இளங்கோ தாளை மடித்துவிட்டார். வீட்டில் நிஜமாகவே பழகினீர்களா, இல்லை வீடியோ பார்த்ததோடு சரியா என்று கேட்டார். பழைய யோ-யோ வீட்டில் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் எடுத்து வந்துவிடுகிறேன் என்று அவள் கெஞ்சினாள். பக்கத்து மலைக் கிராமமான தேவனூர் நாட்டிலிருந்து இன்னொரு பெண் வந்து காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

ஆபீஸ் வாசலில் ஒரு சின்ன வேன் நின்றது. ரிசார்ட்டுக்கு கேரம் போர்டும் பந்தும் இறக்க வந்த நஸீம் பானு அதன் பக்கத்தில் பில்லோடு நின்றிருந்தாள். சேந்தமங்கலத்தில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவள். கோகிலவாணியின் கையிலிருந்ததைப் பார்த்ததும் கிட்டே வந்தாள். வாங்கித் திருப்பிப் பார்த்தாள். என் கடைச் சரக்காச்சே, இருந்ததே ஒண்ணுதானே என்றாள்.

இழுத்தால் ஏறுகிற யோ-யோ வேறு, இது வேறு என்று சொல்லிக்கொடுத்தாள். இதைக் கைக்கு வரவழைக்கத் தனி வித்தை இருக்கிறது. வருஷக்கணக்கில் ஆடுகிறவர்கள் வாங்குவது. புதிதாகப் பழகுகிறவர்கள் கையில் இது சும்மா தொங்கும்.

"வாங்க வந்தவருகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேங்க, புதுசா பழகறவங்களுக்கு இது ஆகாது, இழுத்தா ஏறாதுன்னு. 'ஒரு தடவைகூட ஏறாதுங்களா?'ன்னு கேட்டாரு. ஏறவே ஏறாதுன்னேன். மறுபடியும் கேட்டாரு. மறுபடியும் சொன்னேன். அப்பறந்தான் பாக்கெட்டுல கைய உட்டாரு."

சொல்லிவிட்டு, அவர் உங்களுக்கு யாருங்க என்று சாதாரணமாகக் கேட்டாள்.

கோகிலவாணி யோ-யோவைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட் பக்கம் நடந்தாள்.

கேட் அருகே அர்த்தனாரி, அவள் சேலை அழுக்காகாமல் இருக்க, வண்டியின் பின் சீட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. இன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

"உடு கண்ணு. இது போனா இன்னொண்ணு. நான் இருக்கறனல்ல."

அவர்கள் ஊரான வாழவந்தி நாட்டுக்கு சாயங்காலம் வரை பஸ் கிடையாது. அவள் ஏறி உட்கார்ந்தாள்.

முதல் வளைவிலேயே, விழாமல் இருக்க அவன் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.