வாடகைக்கு வீடு தேடிய துப்பறிவாளர்

அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து கதிரையில் இருந்தபோதே, மாப்பிள்ளையில் ஏதோ பெரிய பிழை என்று எனக்கு விளங்கிவிட்டது.

அக்கா லோஜனா குசினி வாசலில் கரண்டியோடு நின்றாள். வந்த சம்பந்தம் எல்லாவற்றையும் வேண்டாம் என்றவள், சாம்பல்தீவு ரிஷிகேசனுக்கு மட்டும் ஓம் என்று சொல்லியிருந்தாள்.

அம்மாவை உளவு பார்க்க அனுப்பியது நான்தான்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை விசாரிக்க ஆம்பிளைகள் போவார்கள். சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, பெடியன் எப்படி என்று கேட்பார்கள். கடைக்காரர் தங்கமான பெடியன் என்பார். அந்தக் கணக்கில் திருகோணமலை வீதிகளில் கூட்டமாகத் திரிகிற மான்களைவிடத் தங்கம்தான் கூட.

அப்பா இல்லாத வீட்டில், கம்பஸ் பெடியனான என்னை விட்டால், அதற்கும் ஆள் இல்லை.

கட்டுரைக்கென்று நான் அப்போது வாசித்துக்கொண்டிருந்தவை அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பத்துச் சதத்துக்கு விற்ற மலிவு நாவல்கள். அவற்றில் பெண் துப்பறிவாளர்கள் வருவார்கள். பொலிஸ் முன்வாசலால் போய் வெறுங்கையோடு திரும்பும். அவள் வேலைக்காரி வேஷத்தில் குசினியால் போவாள். வெங்காயம் உரித்து முடியமுன் சமையல்காரி கொலைகாரனின் பெயரைச் சொல்லிவிடுவாள்.

கடைசி அத்தியாயத்தில் அவளுக்குக் கல்யாணம் கட்டிவைத்து, வேலையை விடச் செய்துவிடுவார்கள். அந்தக் குற்றத்தை மட்டும் யாரும் துப்பறிவதில்லை.

இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அம்மா குடையை எடுத்துக்கொண்டு, வாடகைக்கு வீடு தேடும் ஆளாக சாம்பல்தீவுக்கு பஸ் ஏறிவிட்டார். மாப்பிள்ளையின் சின்னம்மா வீட்டுக் குசினியில் குந்தியிருந்து இறாலும் உரித்துக் கொடுத்தாராம்.

என் முறை பலித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

"என்னம்மா, குடிக்கிறவரோ? வேற குடும்பம் கிடும்பம் இருக்கோ?" என்றேன்.

"மாப்பிள்ளை தங்கம்."

அக்காவின் கரண்டி மெல்ல இறங்கியது.

"அவையளும் எங்களை விசாரிச்சிருக்கினம். நான் ஆரெண்டு தெரியாமல் என்னட்டயே எல்லாத்தையும் கொட்டிச்சினம். பொம்பிளையும் தங்கமாம். தம்பிக்காரனாலதான் இந்தச் சம்பந்தத்தை விடுவமோ எண்டு யோசிக்கினமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

"ஒரு வருசமா அவன் கம்பஸ் பக்கமே போறேல்லையாம். சோத்துப் பார்சலையும் கொண்டுபோய், துறைமுகப் பக்கம் மரத்துக்குக் கீழ இருந்து போனில கதை வாசிக்கிறானாம்."

பார்சல் கட்டித் தருவது அம்மாதான்.

அடுப்பில் ஏதோ தீய்ந்து மணத்தது. அக்கா அசையவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"நானும் கேள்விப்பட்டனான் எண்டு சொன்னன். ஆனா பெடியன் திருந்திட்டானாம், திங்கக்கிழமை திரும்பப் போறானாம், அதையும் கேள்விப்பட்டனான் எண்டன். அப்பிடியெண்டால் பிரச்சினையில்லை, பாப்பம் எண்டு சின்னம்மாக்காரி சொன்னவ."

அம்மா எழும்பிப் போய் என் வெள்ளைச் சேட்டுக்கு அயன் போடத் தொடங்கினார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை.