தழும்புள்ள கை

பாலில் விஷம் கலந்தது சின்ன மருமகள்தான் என்று, இரண்டு வருஷம் இழுத்தடித்த பிறகு, நேற்று டிவி தொடரில் சொல்லிவிட்டார்கள். காலை மின்ரயிலின் பெண்கள் பெட்டியில் அதே சண்டை.

“அவளா இருக்கவே முடியாதுக்கா,” என்றாள் நர்ஸ் எஸ்தர். “முதல் நாள் காட்டின கையில, மணிக்கட்டுக்கு மேல, தீக்காயத் தழும்பு இருந்துச்சு. ஒரு துளி சிந்தாம விஷத்தை ஊத்தின கை அது. இவளுக்கு டம்ளரையே ஒழுங்காப் பிடிக்கத் தெரியலயே!”

“அது யாரோ ஒருத்தியோட கை. குளோசப்புக்குக் கூட்டிட்டு வந்திருப்பாங்க. அதையெல்லாம் போய் சாட்சியா எடுத்துக்கிட்டு...” என்றார் வங்கியில் வேலை பார்க்கும் குமுதவல்லி அக்கா.

யாரோ ஒருத்தி. எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கை என்னுடையது. என் முகமும் பெயரும் எந்தத் தொடரிலும் வந்ததில்லை. அந்த ஒரு காட்சிக்காகப் பதினோரு முறை ஊற்றினேன்; பதினோரு முறையும் சிந்தவில்லை.

வழக்கம்போல என் ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். அதற்கு முன், இத்தனை நாளும் இறக்கியே விட்டிருந்த சுடிதாரின் முழுக்கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டேன். ரயில் குலுங்கக் குலுங்க, நிதானமாக, இருவருக்கும் காபி ஊற்றினேன்.

துளி சிந்தவில்லை.

உதடுவரை போன டம்ளர்கள் அப்படியே நின்றன. இருவரும் என் கையையே பார்த்தார்கள்.

நானே முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.