எழும்பிப் போகாதேங்கோ

“வந்திட்டீங்களே! இந்தக் கதிரையில இருங்கோ. முதல்ல இதைத் திறந்து தாங்கோ!”

வாசலில் நின்ற இளம்பெண் தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. “அக்கா, நான் வந்தது…”

“தெரியும் பிள்ளை, எல்லாம் பிறகு கதைப்பம். வள்ளங்கள் கடலில நிக்குது.”

கோணேஸ்வரி அந்த மீனவர் சங்கத்தின் செயலாளர். சங்க அலுவலகம் திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. காலையிலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது. கடும் காற்று வருகிறது, கடலில் நிற்பவர்கள் உடனே கரைக்குத் திரும்புங்கள் என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். இப்படியான நேரத்தில் அவள் கணினியில் ஒரு பொத்தானை அமத்துவாள். சங்கத்து வள்ளங்கள் அத்தனைக்கும் கைபேசியில் செய்தி போய்விடும். பதில் அனுப்பிய வள்ளம் திரையில் பச்சையாகும். அனுப்பாதது சிவப்பாகவே நிற்கும்.

இன்றைக்குப் பார்த்துப் புரோகிராம் திறக்கவில்லை. கணினிக் கடைக்குப் போன் எடுத்துச் சொன்னாள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

“எனக்குப் பாடமான நாலைஞ்சு நம்பருக்கு எடுத்துச் சொல்லிட்டன். மற்றதெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. என்ர மனிசன் முருகேசுவும் இறக்கக்கண்டிக்கு அங்கால கடலில நிக்கிறார். அவற்ற போனுக்கு எடுத்தால் லைனே போகுதில்லை.”

பெண் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இராத்திரி கணினி தானே தன்னைப் புதுசாக்கினதோ?”

“ஓம், என்னவோ ஓடிக்கொண்டு கிடந்தது.”

“அதுதான். உங்கட புரோகிராம் தனிய நிக்காது அக்கா. அதுக்குக் கீழ டொட்நெட் எண்டு ஒரு தளம் வேணும். இவ்வளவு காலமும் விண்டோஸ் அந்தப் பழைய தளத்தைத் தன்னோடயே வைச்சிருந்தது. புதுப் பதிப்பில அதை விட்டிட்டினம். தனியா எடுத்துப் போட்டால் வேலை செய்யும்.”

காற்றில் அலுவலகத்து இணையம் விட்டு விட்டு வந்ததால், தன் கைபேசியிலிருந்து கணினிக்கு இணையம் கொடுத்து அந்தத் தளத்தை இறக்கினாள். மேசையில் அந்தக் கைபேசி இரண்டு தரம் சிணுங்கியது. பார்த்தாள், எடுக்கவில்லை.

யன்னல் கதவு காற்றில் படார் என்று அடித்தது. கோணேஸ்வரி ஓடிப்போய்ப் பூட்டினாள். திரும்பியபோது திரையில் அந்தப் பழைய நீலப் பக்கம் விரிந்திருந்தது.

“என்ர பிள்ளையாரே!”

பொத்தானை அமத்தினாள். ஒன்று பச்சையானது. பிறகு நாலு, பிறகு ஒரு பத்து. சாம்பல்தீவு வள்ளங்கள், நிலாவெளி வள்ளங்கள் என்று வரிசையாகப் பச்சை பரவிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரே ஒரு சிவப்பு. முருகேசுவின் வள்ளம்.

கோணேஸ்வரிக்கு அந்தத் திரையைப் பார்க்கவே பயமாக இருந்தது. “நான் கரைக்குப் போய்ப் பாக்கிறன்” என்று புரோகிராமை மூடப் போனாள். திரையில் பெரிய எழுத்தில் ஒரு வரி வந்தது.

‘இன்னும் ஒரு வள்ளம் பதில் சொல்லேல்லை. எழும்பிப் போகாதேங்கோ. பக்கத்து வள்ளங்களிட்டக் கேட்டுக்கொண்டிருக்கிறன்.’

இளம்பெண் மூச்சுவிடாமல் அதையே பார்த்தாள். “இது தானாகவே பக்கத்து வள்ளங்களுக்கு எழுதுதா?”

“ஓம். எப்பவும் அப்பிடித்தான்.”

கூரைத் தகரம் தடதடத்தது. திடீரென்று கணினி ‘டிங்’ என்றது. பக்கத்து வள்ளத்தில் நின்ற கிண்ணியா ஜவாஹிரின் பதில்: ‘முருகேசுட இஞ்சின் நிண்டுட்டு. போன் நனைஞ்சி போச்சு. ஆளுக்கு ஒண்டுமில்ல. கயிறு கட்டி இழுத்துட்டு வாறம்.’

கோணேஸ்வரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதபடியே சிரித்தாள்.

“இதை ஆர் அக்கா எழுதினது?”

“நிப்லா எண்டு ஒரு பிள்ளை. கிண்ணியாதான். அவவின்ர வாப்பா ஒருக்காக் காத்தில அம்பிட்டு, எல்லாரும் தேடித் திரிஞ்சு உயிரோட கொண்டு வந்தவை. பிறகு அவ படிக்கேக்க இதை எழுதிச் சங்கத்துக்குச் சும்மா தந்தவ.”

“என்ன மூளை! இல்லை, என்ன மனசு!” பெண்ணின் கண் திரையை விட்டு அசையவில்லை. “எழும்பிப் போகாதேங்கோ எண்டு சொல்ல எனக்குத் தோன்றியிராது.”

“பழசுதானே பிள்ளை. புதுப் புரோகிராம் ஒண்டு வாங்கினால் என்ன எண்டு கூட்டத்தில கதைச்சவை.”

இளம்பெண் கொஞ்சம் தயங்கினாள். “வாங்காதேங்கோ அக்கா. புதுசு பார்வைக்கு வடிவா இருக்கும். ஆனால் ஆளை எழும்ப விடாத புத்தி அதில இல்லை. தளம் திரும்ப மாறினால் எனக்கு எடுங்கோ, வந்து போட்டுத் தாறன். என்ர பேர் சிவரூபி.”

அப்போது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நனைந்த தலைக்கவசத்தோடு ஒருவன் உள்ளே வந்தான். “மன்னிக்கோணும் மெடம். வழியில மரம் விழுந்து கிடந்திச்சு. நான் அஷ்பாக், கணினிக் கடையில இருந்து அனுப்பினவங்க.”

கோணேஸ்வரி அவனையும் சிவரூபியையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப… நீங்கள்?”

சிவரூபி பையைத் தோளில் போட்டுக்கொண்டு மெல்லச் சிரித்தாள்.

“நானும் வள்ளங்களுக்கு ஒரு புதுப் புரோகிராம் எழுதியிருக்கிறன் அக்கா. அதை உங்களுக்கு விக்கத்தான் வந்தனான்.”