மெல்லிசு நரம்பு

"இது நரம்பா, இல்ல சிலந்தி வலையா? சொல்லும்மா!"

தூண்டில்காரர் சங்கத் தலைவர் ஒரு சின்ன மீன்பிடி நரம்புச் சுருளைக் கல்லா மேசையில் ஓங்கி அடித்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கொக்கிகள் எல்லாம் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தன. பின்னால் நின்ற செயலாளர், அடி விழும் முன்பே தலையை ஆட்டத் தொடங்கியிருந்தார்.

கடைக்காரம்மா மேசை இழுப்பறையின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "நிதானமாச் சொல்லுங்க சார். என்ன ஆச்சு?"

"ஒன்றரை முழ மீன் போச்சு! நான் என் கையால கட்டின பூச்சியோட போச்சு!"

தலைவர் புழு கோத்து மீன் பிடிக்கும் சாமானியர் அல்லர். கொக்கியில் நூலும் முடியும் சுற்றிப் பொய்ப் பூச்சி செய்து, அதை மெல்லிய நுனி நரம்பில் கட்டி, கோலைத் தோளுக்குப் பின்னால் ஓங்கி, ஆற்றின் மேல் பூப்போலப் போடுகிறவர். அந்த ஓங்கலைப் பற்றி மட்டும் சங்கத்தில் இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார். முடிந்ததும் எல்லாரும் விழித்துக்கொண்டு கை தட்டினார்கள்.

"நேத்தே சொன்னேனே சார், கரையில நாணலும் மரமும் ஜாஸ்தி, நுனிக்குத் தடிச்ச நரம்பா எடுத்துக்கங்கன்னு. நீங்கதான் மெல்லிசு வேணும்னீங்க."

"தடிச்சது கத்துக்குட்டிங்களுக்கு! கை தெரிஞ்சவன் தலைமுடி மாதிரி நரம்புல யானையையே இழுப்பான்."

"அப்புறம் ஏன் சார் அறுந்துது?"

செயலாளரின் தலை பாதி ஆட்டத்தில் நின்றுபோனது.

"ஏன்னா நீ விக்கிறது குப்பை!"

நேற்று வரை 'நீங்க'. இன்று 'நீ'. கடைக்காரம்மாவுக்குக் காது வரை கொதித்தது.

"இன்னிக்குச் சாயங்காலமே கூட்டத்துல சொல்லப் போறேன். எங்க ஆளு ஒருத்தனும் உன் கடைப் படி ஏறமாட்டான், பாத்துக்க!"

அந்த ஊரில் நரம்பும் கொக்கியும் வாங்குகிறவர்கள் சங்கத்து ஆட்கள் மட்டும்தான். அவர்கள் வரவில்லையென்றால் அடுத்த மாதம் கடைக் கதவை இழுத்துச் சாத்த வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

கடையின் உள்ளறையில் யாரோ முனகினார்கள்.

"யாரு அது?"

"வீட்டுக்காரர். காலையில வேலைக்குப் போன இடத்துல அடிபட்டுட்டு வந்து படுத்திருக்காரு."

"சரி சரி, என் விஷயத்துக்கு வா. மன்னிப்பு எழுதிக் கொடு. சங்கத்துப் பலகையில ஒட்டணும்."

"தரேன். ஆனா பலகையில அதுக்கு மேல உங்க புகாரும் உங்க கையெழுத்துல இருந்தாத்தான் சார் மதிப்பு." ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினாள். "எங்க நின்னு வீசினீங்க?"

"பாலத்துக்குக் கீழ, ஆத்தோரப் பாதை வளையுதே, அங்க." சொல்லிக்கொண்டே எழுதினார். கல்வெட்டுக்கு எழுதுவது போன்ற கையெழுத்து.

"எத்தனை மணி?"

"ஒன்பதரை."

"எப்படி இழுத்துச்சு?"

"ஒரே இழுப்பு! வளையல, திரும்பல, தண்டவாளத்துல போற மாதிரி நேரா போச்சு. என் கையா இருக்கப் போய் கோல் தப்பிச்சுது!"

"சத்தம் ஏதும் போட்டுச்சா?"

தலைவரின் பேனா அரை நொடி நின்றது. பிறகு சிரித்தார். "மீன் சத்தம் போடுமா? கேட்டியாய்யா செயலாளரே! இந்த லட்சணத்துல கடை வெச்சிருக்கா!"

செயலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைக்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பூச்சி எப்படி இருக்கும்னு எழுதுங்க. நாளைக்கு எவனாவது அது என்னோடதுன்னு சொல்லிடக் கூடாது பாருங்க."

அந்த யோசனை தலைவருக்குப் பிடித்திருந்தது. "சிவப்புப் பட்டு நூல். எங்க வீட்டுப் பூனையோட மஞ்சள் முடி. கழுத்துல மூணு முடிச்சு. உலகத்துல ரெண்டாவது கிடையாது!" எழுதி, மீன் வால் போல நீளமாக ஒரு கையெழுத்தும் போட்டார். கேட்காமலே செயலாளர் சாட்சிக் கையெழுத்து வைத்தார்.

கடைக்காரம்மா தாளை ஒருமுறை படித்தாள். மடித்தாள். கல்லாவுக்குள் போட்டுப் பூட்டினாள்.

"ஏய், மன்னிப்பு எங்க?"

"அது இருக்கட்டும்." இழுப்பறையைத் திறந்து ஒரு பஞ்சுப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் பிரித்தாள். சிவப்புப் பட்டு நூல். மஞ்சள் முடி. மூன்று முடிச்சு. இரண்டு சாண் மெல்லிசு நரம்பு. நுனியில் காய்ந்த ரத்தம். "அடிபட்டவர் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பாக்கறதுக்குள்ள, நாணலுக்குள்ள ஒரு தொப்பி ஓடறது மட்டும்தான் தெரிஞ்சுதாம்."

தலைவரின் கை தானாகத் தொப்பியைக் கழற்றியது. செயலாளர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

"என்னங்க," அவள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள், "கொஞ்சம் வெளிய வாங்க. உங்களைப் பிடிச்சவர் வந்திருக்காரு!"

அவள் வீட்டுக்காரர், அந்த ஊர்த் தபால்காரர், வலது காதில் உருண்டையாக ஒரு கட்டுடன் உள்ளறை வாசலில் வந்து நின்றார்.

"ஒண்ணு மட்டும் நல்லது பண்ணீங்க சார்," என்றாள் கடைக்காரம்மா. "நான் சொன்ன தடிச்ச நரம்பை வாங்கியிருந்தீங்கன்னா, இவர் காதும் உங்க பூச்சியோடயே திரும்பி வந்திருக்கும்!"