நாற்பத்தோராம் வீட்டுப் பொருள்

மேஜையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு மூக்குக்கண்ணாடி.

கூப்பிடாமல் மிச்சம் இருந்ததும் ஒரே ஒரு வீடுதான். நாற்பத்தொன்று, தெருக்கோடி, தையல்காரி வீடு.

தலைமையாசிரியர் எண்ணைச் சொன்னதும் அவள் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். மேஜைக்கு இரண்டடி முன்னால் கால் நின்றுவிட்டது.

பித்தளை விளிம்பு. இடது காதுக்கம்பியில் நீல நூல் சுற்றியிருந்தது. அம்மாவின் கண்ணாடி.

பள்ளிக்கூட ஹாலில் அதுவரை இருந்த சிரிப்பும் கூச்சலும் அடங்கிப்போயின. அந்தக் கண்ணாடியைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் சின்னக் குழந்தைகள் மட்டும்தான்.

வருஷக் கடைசி விடுமுறைக்கு அங்கே ஒரு வழக்கம். வீட்டுக்கு ஒருவர் சீட்டு எடுப்பார்கள். ஒரு சீட்டில் மட்டும் பெருக்கல் குறி இருக்கும். அது வந்தவர்தான் அந்த வருஷத் திருடர். அவருக்கு மட்டும்தான் அது தெரியும். முதல் நாள் மதியம் ஊரே ஆற்றங்கரைக்குப் போய்விட, திருடர் நைசாக நழுவி வந்து வீட்டுக்கு ஒரு பொருளை எடுத்துவிடுவார். மறுநாள் காலை எல்லாம் பள்ளிக்கூட மேஜையில் இருக்கும். அவரவர் வந்து தன் பொருளைக் கண்டுபிடித்து, அது யாருடையது, வீட்டுக்கு எப்படி வந்தது என்று நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். திருடர் யார் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

சொந்தப் பொருளைத் தெரியாமல் முழித்தால் போச்சு. முடிவெட்டுகிறவர் தன் வீட்டு சோப்பு டப்பாவைக் கோட்டை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. இன்னும் அவர் பெயர் சோப்பு டப்பாதான்.

இதனாலேயே அந்த ஊரில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. பூட்டுக்கடைக்காரர் குடை விற்றுத்தான் காலம் தள்ளினார். பக்கத்து ஊர்க்காரர்கள் ‘திருட்டு ஊர்’ என்று கேலி செய்தால், ஆமாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தியை நிஜமாகவே திருடி என்பது லேசுப்பட்ட வசவு இல்லை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, தையல்காரி அதைத் தன் தங்கையைப் பார்த்துத் தெருவே கேட்கச் சொன்னாள். அம்மாவின் கண்ணாடியைக் காணோம். கடைசியாக அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தங்கைதான். வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடியாகிவிட்டது. வேறு யார் எடுத்திருப்பார்கள்?

தங்கை ஒரே ஒரு தடவை இல்லை என்றாள். அதோடு பேச்சு நின்றுபோனது. தங்கை தபால் ஆபீஸில் வேலை பார்த்ததால், தையல்காரி ஒரு தபால்தலை வாங்கக்கூடப் பக்கத்து ஊருக்கு பஸ் ஏறினாள்.

இப்போது கண்ணாடி மேஜையில் இருக்கிறது.

கண்ணைக் கட்டிவிட்டாலும் தன் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறவள் தையல்காரி. காலையில் கரண்டியிலிருந்து ஊசிப்பெட்டி வரை பார்த்திருந்தாள். ஒன்றும் குறையவில்லை. திருடர் தன் வீட்டை மறந்துவிட்டாரோ என்றுகூட நினைத்தாள். இப்போதல்லவா விளங்குகிறது! சீட்டு இந்த வருஷம் தங்கைக்கு விழுந்திருக்கிறது. அக்கா வீட்டில் எதையும் எடுக்காமல், அன்றைக்கு எடுத்துப் போனதைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

தையல்காரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இது என் வீட்டிலிருந்து வந்ததில்லை என்று ஒரு வார்த்தை போதும். பதினொரு வருஷமாக நியாயம் தன் பக்கம்தான் இருந்தது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதற்கப்புறம் தங்கை இங்கே குடியிருக்க முடியாது.

திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் தங்கை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. அம்மாவுக்கும் அங்கேதான் முதலில் நரைத்தது.

தையல்காரி கண்ணாடியைக் கையில் எடுத்தாள்.

“எங்க அம்மாவோடது. இத்தனை நாளா என் வீட்டுலதான் இருந்திருக்கு. என் தங்கச்சிய நான்தான் அநியாயமா பேசிட்டேன்.”

பொய்தான். அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

சோப்பு டப்பா முதலில் கைதட்டினார். தங்கை வரிசையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

வீட்டுக்கு இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். தையல்காரிக்கு மனசு லேசாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எவ்வளவு பெரிய மனசு நமக்கு! ஏன் எடுத்தாய் என்று இவளிடம் ஒருநாளும் கேட்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

டீ போடுகிறேன் என்று தங்கை சமையலறைக்குள் போனாள். கண்ணாடியைப் பத்திரப்படுத்த, தையல்காரி கட்டிலடியிலிருந்த தகரப்பெட்டியை இழுத்தாள். அதில் இருந்தது அம்மாவின் சால்வை ஒன்றுதான். அன்றைக்கு அம்மாவின் மேலிருந்து தன் கையாலேயே எடுத்து, அழுதுகொண்டே சுருட்டி உள்ளே வைத்தது. பிறகு அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் பெட்டியைத் திறக்கவே இல்லை.

சால்வை இப்போது அழகாக நாலாக மடிக்கப்பட்டிருந்தது.

விரித்தாள். நடுவில் நாள்பட்ட பித்தளைக் களிம்பு பச்சையாகக் கறை படிந்திருந்தது. இரண்டு வட்டங்கள், இரண்டு கம்பிகள். இடது கம்பி இருந்த இடத்தில் நீல நூல் ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, சர்க்கரை எங்க வச்சிருக்க?”

தையல்காரிக்குச் சொல்லத் தெரியவில்லை.